குளிரைச் சேமிக்கும் கரை: சிங்காய்–திபெத் ரயில் பாதையின் உறைநில மண்கரைகள், ஒரு நிகழ்வு ஆய்வு

சீனாவின் சிங்காய் மாகாணத்துக் கோல்முடிலிருந்து திபெத்தின் தலைநகர் லாசா வரை 1,142 கிலோமீட்டர் நீளும் ரயில் பாதையில் ஏறத்தாழ 550 கிலோமீட்டர், கோடையிலும் அடியில் உறைந்தே கிடக்கும் நிலத்தின் மீது செல்கிறது. 2001 ஜூன் 29 அன்று தொடங்கிய இப்பணியில் 2005 அக்டோபரில் தண்டவாளம் லாசாவை எட்டியது; 2006 ஜூலை 1 அன்று பாதை போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. 960 கிலோமீட்டர் தூரம் 4,000 மீட்டருக்கு மேல் ஓடும் இப்பாதை, தங்குலா கணவாயில் 5,072 மீட்டரைத் தொடுகிறது. செய்திகளில் இந்த உயரமே பெரிதும் பேசப்பட்டது. ஆனால் பாதையின் ஆயுளைத் தீர்மானிப்பது உயரம் அல்ல. தண்டவாளத்துக்குக் கீழே சில மீட்டர் ஆழத்தில் மண்ணோடு மண்ணாகக் கலந்து கிடக்கும் பனிக்கட்டியே அதைத் தீர்மானிக்கிறது.

தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கேனும் பூச்சியம் டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழான வெப்பநிலையில் இருக்கும் நிலத்தை நிரந்தர உறைநிலம் என்கிறோம். அதன் மேற்பகுதி கோடையில் உருகிக் குளிர்காலத்தில் மீண்டும் உறையும். இந்தப் பருவ உருகு அடுக்கின் தடிமன் திபெத் பீடபூமியில் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு மேல் தொடங்கிச் சில மீட்டர் வரை வேறுபடும். உறையும்போது நீரின் பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது. அதோடு, நுண்ணிய மண் துகள்களுக்கு இடையே கீழிருந்து நீர் ஈர்க்கப்பட்டுத் தனிப் பனிக்கட்டித் தகடுகளாகச் சேர்வதால், நிலம் அந்த 9 சதவீதக் கணக்கைத் தாண்டியும் பொங்குகிறது. உருகும்போது அதே தகடுகள் நீராகி வெளியேற, மேலே தண்டவாளத்தைத் தாங்கி நிற்கும் மண்மேடான கரை அமிழ்கிறது. சாலையில் இரண்டு சென்டிமீட்டர் மேடுபள்ளம் வந்தால் வாகனம் குலுங்குவதோடு சரி. தண்டவாளத்தில் ஒரு பக்கம் மட்டும் அவ்வளவு தாழ்ந்தாலோ உடனே வேகக் கட்டுப்பாடு போட வேண்டியிருக்கும்.

இப்பாதைக்கென்று ஒரு கூடுதல் தொல்லை இருந்தது. சைபீரியாவின் வட பகுதிகளிலும் அலாஸ்காவின் வட சரிவிலும் உறைநிலம் மிகக் குளிர்ந்தது. சிறிது வெப்பம் நுழைந்தாலும் அதைத் தாங்கும் இருப்பு அங்கே உண்டு. திபெத் பீடபூமி தாழ்ந்த அட்சரேகையில் இருக்கிறது. அங்கே உறைநிலம் நிலைத்திருப்பதற்கு உயரம் ஒன்றே காரணம். வடக்கே ஷிதாதானுக்கும் தெற்கே ஆம்தோவுக்கும் இடையே பாதை கடக்கும் உறைநிலத்தில் ஏறக்குறைய பாதி, ஆண்டு சராசரி வெப்பநிலை மைனஸ் 1 டிகிரிக்கும் மேலாக இருக்கும் ‘வெதுவெதுப்பான’ உறைநிலம். அதில் ஒரு பகுதி பனிக்கட்டி மிகுந்ததும்கூட. இந்த இரண்டும் ஒன்றாக அமைந்த இடங்களே வடிவமைப்பாளர்களை அதிகம் வாட்டின.

பூச்சியத்துக்கு அருகே நிற்கும் உறைநிலம் உண்மையில் முழுதாக உறைந்தது அல்ல. மண் துகள்களைச் சுற்றி உறையாத நீர்ப்படலம் இருக்கும். சுமை ஏறினால் அந்த மண் மெல்ல நகரும், அதாவது உருகாமலேயே அமிழும். இன்னொரு சிக்கல் அளவீட்டில் இருக்கிறது. ஒரு கிலோ பனிக்கட்டியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தச் சுமார் 2 கிலோஜூல் போதும். அதே ஒரு கிலோவை உருக்க 334 கிலோஜூல் வேண்டும். ஆகவே மைனஸ் 3 டிகிரி நிலத்தில் வெப்பம் நுழைந்தால் வெப்பமானி உடனே காட்டிக்கொடுத்துவிடும். மைனஸ் 0.2 டிகிரி நிலத்திலோ நுழையும் வெப்பமெல்லாம் பனிக்கட்டியை உருக்குவதிலேயே செலவாகி, ஆண்டுக்கணக்கில் அதே அளவீடு திரும்பத் திரும்ப வரும். அசையாத வெப்பநிலையைக் கண்டு கரை நிலையாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது இத்துறையில் மிக எளிதாக நேரக்கூடிய பிழை. அதனால்தான் உறைநில மண்கரைகளில் வெப்பமானித் தொடர்களோடு அமிழ்வு அளவிகளும் சேர்த்தே பதிக்கப்படுகின்றன.

முன்பு நடந்தவை

உறைநிலத்தின் மீது ரயில் பாதை போடுவது அதற்கு முன்பே நூறாண்டு பழகிய வேலைதான். டிரான்ஸ்-சைபீரியப் பாதையின் கிழக்குப் பகுதியும், பின்னர் வந்த பைகால்–அமூர் பாதையும் உறைநிலத்தைக் கடக்கின்றன. கனடாவில் 1929-இல் சர்ச்சில் துறைமுகத்தை எட்டிய ஹட்சன் விரிகுடா ரயில் பாதை, துண்டு துண்டாக உறைந்த நிலத்தையும் மக்கிய தாவரங்கள் சேர்ந்த பீட் சதுப்பையும் மாறி மாறிக் கடப்பதால், தொடக்கம் முதலே திடீர்ப் பள்ளங்களோடு போராடி வந்தது. அங்கே வழக்கமான மருந்து, தாழ்ந்த இடத்தில் மேலும் ஜல்லி கொட்டி இறுக்குவது. கொட்டிய ஜல்லி தண்டவாளத்தை நேராக்கும். கீழே உருகுவதை நிறுத்தாது. 2017-இல் வந்த வெள்ளம் அப்பாதையைப் பல இடங்களில் அரித்துச் சென்ற பின், 2018-இன் பிற்பகுதியில்தான் ரயில் மீண்டும் ஓடியது.

சிங்காய்–திபெத் பாதைக்கு இன்னும் நெருக்கமான பாடம் பக்கத்திலேயே இருந்தது. 1954-இல் திறக்கப்பட்ட சிங்காய்–திபெத் நெடுஞ்சாலைக்குப் பின்னாளில் தார் போடப்பட்டது. கறுப்புத் தளம் வெயிலை உறிஞ்சியது. முன்பு மண்ணின் ஈரம் ஆவியாகிக் கடத்திய வெப்பத்துக்கும் வழி அடைபட்டது. சாலைக்கு அடியில் உறைநிலத்தின் மேல்மட்டம் ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்க, பனிக்கட்டி மிகுந்த இடங்களில் சாலை அலை அலையாக நெளிந்தது. சாலை மேட்டை உயர்த்திப் பார்த்தார்கள். அது சில ஆண்டுகளுக்குப் பலன் தந்தது. பிறகு வெப்பம் உயர்ந்த மேட்டையும் கடந்து கீழே இறங்கியது.

மண்ணை உயர்த்திக் கட்டினால் வெப்பத்தடை கூடும், அதனால் உறைநிலம் காக்கப்படும் என்ற வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. கூடுதல் தடிமன் கோடை வெப்பத்தைத் தடுப்பதுபோலவே குளிர்காலக் குளிரையும் தடுக்கிறது. போதாக்குறைக்கு, பீடபூமியில் மண் வேலை செய்யத் தோதான காலம் கோடைதான். அப்போது கொட்டப்படும் மண் தன்னோடு வெப்பத்தையும் கொண்டுவந்து புதைக்கிறது. கரை உயர உயர இந்த வெப்ப மூட்டை வெளியேறுவதற்கான காலமும் நீளும். சரிவுகளின் பரப்பும் கூடுவதால் அவை வாங்கும் வெயிலும் கூடும். எனவே கரைக்குக் குறைந்தபட்ச உயரம் இருப்பதுபோல அதிகபட்ச உயரமும் உண்டு. மிக வெதுவெதுப்பான நிலத்திலோ இந்த இரண்டு எல்லைகளும் ஒன்றையொன்று நெருங்கி, பாதுகாப்பான உயரம் என்று ஒன்றே இல்லாமல் போய்விடுகிறது.

லான்சோவில் உள்ள சீன அறிவியல் கழகத்தின் உறைநில ஆய்வாளர்கள், குறிப்பாகச் செங் குவோதோங், இந்த இடத்தில்தான் திசையை மாற்றினார்கள். வெப்பம் உள்ளே வராமல் தடுப்பதோடு நில்லாமல், கரையே ஆண்டுதோறும் நிலத்திலிருந்து வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் என்பது அவர்கள் முன்வைத்த கோட்பாடு. கதிர்வீச்சு, வெப்பச்சலனம், வெப்பக்கடத்தல் ஆகிய மூன்றையும் கரையின் அமைப்பாலேயே கட்டுப்படுத்துவது அதன் உட்பொருள். பாதை செல்லும் உறைநிலப் பகுதியிலுள்ள ஃபெங்ஹூவோஷானில் 1961 முதல் திரட்டப்பட்டு வந்த களத் தரவுகளும், பெய்லூஹேயில் அமைக்கப்பட்ட சோதனைக் கரைகளும் இந்தக் கோட்பாட்டுக்கு அடித்தளமாயின. இந்த மாற்றத்தையே இத்திட்டத்தின் பெரிய சாதனை என்பேன். மற்றவை யாவும் இதிலிருந்து கிளைத்தவை.

கல்லுக்குள் காற்று

மிகப் பரவலாகப் பயன்பட்ட தீர்வு, பார்வைக்கு மிகச் சாதாரணமானது. கரையின் அடிப்பகுதியில் ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட தடிமனில், சுமார் 20 முதல் 30 சென்டிமீட்டர் அளவுள்ள உடைகற்களை அடுக்கி, அதன் மேல் வடிமணல் அடுக்கு ஒன்றைப் போட்டு, அதற்கு மேல் வழக்கமான மண்ணை நிரப்பிக் கரையை எழுப்பினார்கள். இதில் வேலை செய்வது கற்களைக் காட்டிலும் கற்களுக்கு இடையே உள்ள வெற்றிடமே.

குளிர்காலத்தில் கரையின் மேற்புறம் கடுமையாகக் குளிர்கிறது. அடியில் உள்ள நிலம் அதைவிட வெப்பமாக இருக்கிறது. கல்லடுக்கின் மேலே கனத்த குளிர்காற்று, கீழே இலேசான வெப்பக்காற்று என்ற இந்த நிலை நீடிக்க இயலாது. குளிர்காற்று இடுக்குகள் வழியே கீழே இறங்க, வெப்பக்காற்று மேலே ஏற, அடுக்குக்குள் சுழற்சி தொடங்கி நிலத்தின் வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகிறது. கோடையில் நிலைமை தலைகீழ். மேலே இலேசான வெப்பக்காற்றும் கீழே கனத்த குளிர்காற்றும் தத்தம் இடத்திலேயே அமைதியாக நிற்பதால் சுழற்சி நின்றுவிடுகிறது. அசையாத காற்று நல்ல வெப்பக்காப்பு என்பதால் கல்லடுக்கு வெப்பத்தடையாக மாறிவிடுகிறது. மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடைப் போல, இந்த அடுக்கு வெப்பத்தைப் பெரும்பாலும் மேல்நோக்கி மட்டுமே விடுகிறது. இதற்கு மோட்டாரோ மின்சாரமோ தேவையில்லை.

நடைமுறையில் கணக்கு இவ்வளவு சுத்தமாக இராது. 4,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. ஆகவே இயல்பான சுழற்சியின் வலுவும் குறைகிறது. ஆனால் பீடபூமியில் குளிர்காலக் காற்று பலமாக வீசுவதால், பக்கவாட்டில் திறந்திருக்கும் கல்லடுக்குக்குள் அது நேரடியாகப் புகுந்து குளிர்விக்கிறது. இந்த இரண்டாவது வழிக்குப் பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். மணல் வந்து அடைத்தால், பனி மூடினால், சரிவிலிருந்து மண் சரிந்தால் கல்லடுக்கு வெறும் கல்லாகிவிடும். காற்றில் மணல் பறக்கும் ஆற்றுப்படுகைகளை ஒட்டிய பகுதிகளில் இது கற்பனையான அச்சம் அல்ல. மணல் தடுப்பு வேலிகளும், மணலைப் பிடித்து நிறுத்த நிலத்தில் அமைக்கும் சதுரக் கட்டங்களும் கரையின் குளிர்விப்பு ஏற்பாட்டின் ஓர் உறுப்பாகவே கருதப்பட வேண்டும்.

கரையின் சரிவுகளில் உடைகல் போர்வை போடுவது அடுத்த வகை. இதற்கும் காரணம் உண்டு. பாதை பொதுவாக வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் செல்வதால் ஒரு சரிவு வெயிலைப் பார்த்தும் மற்றொன்று நிழலிலும் இருக்கிறது. மெல்லிய காற்றினூடே வரும் பீடபூமி வெயில் மிகக் கடுமையானது. வெயில் சரிவின் அடியில் உறைநில மட்டம் ஆழமாகவும் நிழல் சரிவின் அடியில் மேலாகவும் அமைந்து, கரை ஒரு சாய்ந்த தளத்தின் மேல் நிற்பதுபோல் ஆகிவிடுகிறது. இதன் முதல் அறிகுறி பெரும்பாலும் தண்டவாளத்தில் தெரிவதில்லை. வெயில் பக்கத் தோளில், அதாவது கரையின் மேல்விளிம்பில், தண்டவாளத்துக்கு இணையாக மெல்லிய நீள்வெடிப்பு ஒன்று தோன்றும், மழைநீர் அதற்குள் இறங்கும், இறங்கிய நீர் அடியில் மேலும் உருக்கும், வெடிப்பு அகலும். நிலம் ஒரே சீராக அமிழ்ந்தால் ஜல்லி போட்டுச் சமாளித்துவிடலாம். இரு பக்கமும் சமமின்றி அமிழும் கரை பக்கவாட்டில் பிளக்கத் தொடங்கும் என்பதால், வெயில் பக்கத்தில் கல்போர்வையைத் தடிமனாகவும் நிழல் பக்கத்தில் மெல்லியதாகவும் போடும் முறை வந்தது. அடியில் கல்லடுக்கும் இரு சரிவுகளிலும் கல்போர்வையும் சேர்ந்த ‘யு’ வடிவ அமைப்பு, வெதுவெதுப்பான நிலத்தில் தனித்தனி முறைகளைவிட நன்றாகச் செயல்பட்டிருப்பது நீண்டகாலக் கண்காணிப்பில் தெரிய வந்திருக்கிறது.

குழாய்களும் மற்றவையும்

கரையின் இரு ஓரங்களிலும் வரிசையாக நட்ட இரும்புக் குழாய்களைப் பயணிகளும் ஜன்னல் வழியே பார்க்கலாம். தெர்மோசைஃபான் என்ற இவை, இருமுனையும் அடைத்த, உள்ளே அம்மோனியா நிரப்பிய குழாய்கள். மண்ணில் புதைந்த கீழ்ப்பகுதியில் திரவ அம்மோனியா நிலத்தின் வெப்பத்தை வாங்கி ஆவியாகிறது. ஆவி மேலே ஏறி, செதில்கள் பொருத்திய தலைப்பகுதியில் குளிர்காற்று பட்டு மீண்டும் திரவமாகி, குழாயின் உட்சுவர் வழியே வழிந்து இறங்குகிறது. வெளிக்காற்று நிலத்தைவிடக் குளிராக இருக்கும்வரை மட்டுமே இது நடக்கும். கோடையில் ஆவி மேலே போய் ஒடுங்க வழியில்லாததால் குழாய் தானாக ஓய்ந்துவிடும். 1977-இல் இயங்கத் தொடங்கிய டிரான்ஸ்-அலாஸ்கா எண்ணெய்க் குழாய்த் தடத்தின் தாங்குதூண்களில் இத்தகைய குழாய்கள் 1,24,000 அளவில் பொருத்தப்பட்டன என்பதால், தொழில்நுட்பம் நன்கு சோதிக்கப்பட்டதே. குறை என்னவென்றால், ஒவ்வொரு குழாயும் தன்னைச் சுற்றிச் சில மீட்டர் ஆரத்தை மட்டுமே குளிர்விக்கும். வாயு கசிந்துவிட்டால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிப்பதும் எளிதல்ல. திறந்த பின்னர் சிக்கல் தலைகாட்டிய இடங்களில், ரயிலை நிறுத்தாமலேயே நட முடியும் என்ற காரணத்தால் இதன் மதிப்புக் கூடியது.

கரையின் குறுக்கே காற்றோட்டக் குழாய்கள் பதிக்கும் முறையும் சோதிக்கப்பட்டது. குளிர்காலத்தில் நல்ல பலன்; ஆனால் கோடையில் அதே குழாய் வழியே வெப்பக்காற்றும் நுழையும். வெப்பநிலையைப் பொறுத்துத் தானாக மூடித் திறக்கும் கதவுகளைப் பொருத்தியபோது இக்குறை நீங்கியது. ஆயினும் நூற்றுக்கணக்கான கதவுகளை மனிதர் அரிதான உயர்நிலத்தில் பராமரிப்பது என்பது வேறு கதை. சரிவுக்கு மேலே நிழல் பலகை அமைப்பதும் வெப்பநிலையைத் தெளிவாகக் குறைத்தது; பலத்த காற்றில் நிலைநிறுத்துவதுதான் பாடு. பாலிஸ்டைரின் போன்ற காப்புப் பலகைகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அவை வெப்பத்தைத் தாமதப்படுத்தும், குளிர்விக்காது; கரை உயரம் போதாத இடங்களில் துணையாக மட்டும் பயன்படும்.

எந்தக் கரையும் தாங்காது என்று தோன்றிய இடங்களில் கரையையே விட்டுவிட்டார்கள். ஆறு இல்லாத நிலத்திலும் பாலம் கட்டி, தூண்களை உருகும் அடுக்கைத் தாண்டி ஆழமான உறைநிலத்தில் ஊன்றினார்கள். 11.7 கிலோமீட்டர் நீளமுள்ள சிங்ஷுயிஹே பாலம் இவ்வகையில் பெயர் பெற்றது. கோல்முடுக்கும் லாசாவுக்கும் இடையே மொத்தம் 675 பாலங்கள், நீளம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். திபெத்திய மான்கள் இடம்பெயர்வதற்குப் பாலத்தின் அடிப்பகுதி ஒரு பாதையாக அமைந்தது கூடுதல் நன்மை. பாலமும் வெப்பக் கணக்கிலிருந்து தப்பியது அல்ல. துளையிட்டு வார்க்கும் தூணில் கான்கிரீட் இறுகும்போது வெளிப்படும் வெப்பம் சுற்றியுள்ள மண்ணை உருக்குகிறது. மண் மீண்டும் உறைந்து தூணை இறுகப் பற்றும் வரை முழுச் சுமையை ஏற்றலாகாது. நீரைப் பயன்படுத்தாமல் உலர்முறையில் துளையிட்டதும், குளிரிலும் விரைவில் வலுப்பெறும் கான்கிரீட்டை ஊற்றியதும் இதற்காகத்தான்.

திறந்த பின்

உறைநிலப் பகுதியில் ரயில்கள் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்படி பாதை வடிவமைக்கப்பட்டது. அந்த வேகம் பொதுவாகக் காக்கப்பட்டு வருகிறது. கல்லடுக்குக் கரைகளின் அடியில், குறிப்பாக மைனஸ் 1 டிகிரிக்கும் குளிரான நிலத்தில், உறைநில மட்டம் கரைக்குள்ளேயே மேலேறியிருக்கிறது, நிலமும் குளிர்ந்திருக்கிறது. வெதுவெதுப்பான நிலத்தில் சிறப்பு ஏற்பாடு எதுவுமின்றி எழுப்பிய வெறும் மண்கரைகளின் நிலை இவ்வளவு நன்றாக இல்லை. அவற்றின் அடியில் மட்டம் தாழ்ந்த இடங்களும் ஆண்டு முழுவதும் உறையாத ஈரப் பைகள் உருவான இடங்களும் உண்டு.

நடுக்கரையைவிட விளிம்புகளே அதிகம் தொல்லை தந்தன. முதலாவது, பாலமும் கரையும் சந்திக்கும் அப்ரோச். பாலத் தூண் ஆழத்தில் நிற்கிறது, அசைவதில்லை; அதை ஒட்டிய கரை அமிழ்கிறது. அகழ்ந்து நிரப்பியதால் நிலத்தின் இயல்பான வெப்பச் சமநிலை குலைந்திருப்பதும், பாலத்தின் அடிவழியே நீர் ஓடுவதும் அங்கே ஒன்றுகூடுகின்றன. இரண்டாவது, கரையடியில் தேங்கும் நீர். கரை என்பது நிலத்தின் மேல் இட்ட நீண்ட அணை. மேட்டுப் பக்கத்திலிருந்து வடிந்து வரும் நீர் அதன் காலடியில் குட்டையாக நிற்கும். குட்டை கோடை முழுவதும் வெயிலை உறிஞ்சி, பக்கத்து மண்ணுக்குள் வெப்பத்தைச் செலுத்தும். குளிர்காலத்தில் மேலே பனிக்கட்டி மூடினாலும் அடியில் நீர் உறையாமல் நின்று நிலம் குளிர்வதைத் தடுக்கும். இரண்டு மீட்டர் அகலக் குட்டை ஒன்று, கரைக்குள் போட்ட பல லாரிக் கல்லின் வேலையைக் கெடுத்துவிடும்.

வடிகால் போடலாமே என்று தோன்றும். வடிகால் வெட்டுவதே உறைநிலத்தைத் திறந்து வெயிலுக்குக் காட்டுவதுதான். வெட்டிய கால்வாயின் அடி உருகித் தாழ்ந்து, அதுவே அடுத்த குட்டையாவதும் நடக்கிறது. ஆகவே கரையிலிருந்து தள்ளி, நிலத்தை வெட்டாமல் மேலே மண் அணை எழுப்பி நீரைத் திருப்புவது பாதுகாப்பானது. கட்டுமானத்தின்போது கரைக்கு வேண்டிய மண்ணைப் பக்கத்திலேயே தோண்டாமல் தொலைவிலுள்ள குறிப்பிட்ட இடங்களிலிருந்து எடுத்ததும், மேற்பரப்பின் புல்பத்தைகளைப் பெயர்த்து வைத்து மீண்டும் நட்டதும் வெறும் சுற்றுச்சூழல் அக்கறையாகப் பதிவாகியிருக்கிறது. மெல்லிய புல்போர்வையே நிலத்தின் மலிவான வெப்பக்காப்பு என்பதால், பொறியியலுக்கும் அது அதே அளவு தேவை.

இதே ஒடுங்கிய நிலப்பட்டையில் நெடுஞ்சாலை, எண்ணெய்க் குழாய், மின்கோபுரங்கள் ஆகியவையும் செல்கின்றன. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி நிலத்தின் வெப்பநிலையையும் நீரோட்டத்தையும் மாற்றுகிறது. நெடுஞ்சாலை மேடு திருப்பிவிடும் நீர் ரயில் கரையின் காலடியில் வந்து நிற்பதற்கு இடமுண்டு. ஆனால் வடிவமைப்புக் கணக்குகள் பெரும்பாலும் தனித்தனியாகவே செய்யப்பட்டன.

பீடபூமி வெப்பமாகி வருவதால், கல்லடுக்கு ஆண்டுதோறும் வெளியேற்றும் வெப்பத்துக்கும் உள்ளே நுழையும் வெப்பத்துக்கும் இடையே உள்ள மிச்சம் குறைந்துகொண்டே போகும். குளிர்ந்த நிலப்பகுதிகளில் அந்த மிச்சம் பெரிது. அங்கே இப்போதைக்குக் கண்காணிப்பு போதும். மைனஸ் 0.5 டிகிரிக்கு மேல் உள்ள பகுதிகளில் கல்போர்வையோடு தெர்மோசைஃபானையும் சேர்ப்பது, அப்ரோச்சுகளின் இரு பக்கமும் குறைந்தது சில பத்து மீட்டருக்குச் சரிவுக் கல்லை நீட்டுவது, ஒவ்வொரு கோடைக்கு முன்பும் கரையடி நீரைத் திருப்புவது ஆகிய மூன்றையும் இதே வரிசையில் அல்ல, தலைகீழ் வரிசையில் செய்வேன். நீரைத் திருப்பாத இடத்தில் நடும் குழாய், குட்டையைக் குளிர்விப்பதில்தான் தன் குளிர்காலத்தைக் கழிக்கும்.